கொள்ளிடத்துப் படகு மருத்துவ ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் திருச்சபையின் மருத்துவப் படகு கிளம்பும். அதற்கு முந்தின இரண்டு நாளும் கடலூர் முதுநகரில் என் வீட்டுத் தொலைபேசி ஓயாது. நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் படகில் போய்வருகிறேன். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

சிஸ்டர், இந்தப் படகு எங்கே போகிறது? கடலுக்குள்ளா?

கடலுக்குப் போவதில்லை. கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியிலும், பிச்சாவரம் பக்கமுள்ள உப்பங்கழிக் கால்வாய்களிலும்தான் போகிறோம். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே திட்டுத் திட்டாக இருக்கும் ஊர்களும், மாங்குரோவ் காட்டை ஒட்டிய இருளர் குடியிருப்புகளும் எங்கள் நிறுத்தங்கள். படகு சாதாரண ஃபைபர் படகு. பின்னால் ஒரு இன்ஜின், ஆழம் குறைந்த இடத்தில் தள்ளுவதற்கு ஒரு நீண்ட கழி, மேலே தார்ப்பாய். ஆஸ்பத்திரிக் கப்பல் என்று நினைத்து வருகிறவர்கள் துறையில் இதைப் பார்த்ததும் சற்று வாடிப்போகிறார்கள்.

எந்தத் துறைக்கு முதலில் போவது என்பதை நீரின் ஏற்றமும் வற்றமும் முடிவு செய்யும். வற்றத்தில் சில வாய்க்கால்களில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஆகவே திரும்பும் நேரத்தை நிமிடக் கணக்காகக் கேட்காதீர்கள்.

நான் மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

முக்கால் பங்கு வேலை உங்களுடையதுதான். மருத்துவர் ஒருவர், நர்ஸ் இருவர், மருந்தாளுநர் ஒருவர் இருந்தால் போதும். மருந்துப் பெட்டியைச் சேற்றில் நனையாமல் இறக்க வேண்டும், வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண்பார்வை அட்டையைப் பிடிக்க வேண்டும், காது மந்தமான தாத்தாவிடம் காலையில் எந்த மாத்திரை, இரவில் எந்த மாத்திரை என்று மூன்று முறை சொல்லி அவர் வாயால் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டு எழுத வேண்டும். ஊருக்கு ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொடுத்த மாத்திரை, எண்ணிக்கை. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதுவோம். கரை ஏறியதும் முதலில் நாங்கள் விசாரிப்பது அந்தச் சிவப்புப் பெயர்களைத்தான். வேலைக்குப் போயிருக்கிறாரா, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாரா, படுத்துவிட்டாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். என்னைக் கேட்டால் படகிலேயே பெரிய வேலை அதுதான். அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை, நல்ல கையெழுத்தும் நடக்கத் தெம்பும் இருந்தால் போதும்.

நான் இந்து. நான் வரலாமா, இல்லை சபை ஆட்களுக்கு மட்டும்தானா?

தாராளமாக வரலாம். எங்கள் படகை ஓட்டுகிறவர் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மீனவர். மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற தம்பி பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் முஸ்லிம். கிளம்புமுன் துறையில் இரண்டு நிமிடம் ஜெபம் செய்வோம். விரும்பினால் நில்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருங்கள்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? என்ன கொண்டு வர வேண்டும்?

காலை ஆறரைக்குச் சிதம்பரத்தில் ஒன்று கூடுவோம். அங்கிருந்து துறைக்கு வேனில் போவோம். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இரவே கடலூருக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்காகப் பலமுறை காத்திருந்து ஏற்றத்தைக் கோட்டைவிட்டிருக்கிறோம்.

இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு மாற்று உடை, பின்பட்டி வைத்த ரப்பர் செருப்பு. ஷூ வேண்டாம், சேறு கழற்றி வாங்கிக்கொள்ளும். வெறுங்காலும் வேண்டாம், மாங்குரோவ் வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும். பெண்களுக்குச் சேலையைவிடச் சுடிதார் வசதி.

கிளைகளை ஒடிக்காதீர்கள், பிடித்துத் தொங்காதீர்கள். அந்தக் காட்டில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால்தான். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் எரிந்து சில நேரம் பார்வையே மங்கிப்போகும். பட்டுவிட்டால் கையால் தேய்க்காமல் குடிநீரால் நிறையக் கழுவிவிட்டு உடனே என்னிடம் சொல்லுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. மிதவைச் சட்டை போடாத யாரையும் படகோட்டி அண்ணன் ஏற்றமாட்டார், நீச்சல் தெரிந்தவர்களையும் சேர்த்துத்தான்.

கொள்ளிடத்தில் முதலை இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. சிதம்பரம் வட்டாரத்தில் கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. குளிக்கப் போனவர்களையும் மாட்டைக் கழுவப் போனவர்களையும் அவை பிடித்திருக்கின்றன. ஊருக்குள் வந்துவிடும் முதலையை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி குளத்தில் கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கமான செய்தி.

படகுக்குள் இருக்கும்வரை பயம் வேண்டாம். விளிம்புக்கு வெளியே கையையோ காலையோ தொங்கவிடாதீர்கள். கரையோரம் குனிந்து கால் கழுவாதீர்கள், குடத்திலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். நாம் ஒருநாள் போய்வருகிறவர்கள். அங்கே ஒரு அம்மா தினமும் அதே துறையில் பாத்திரம் துலக்குகிறார். முதலைக் கதையை அவரிடம் வேடிக்கையாகக் கேட்காதீர்கள், அந்த ஊரில் யாரையாவது இழந்த வீடு இருக்கும்.

கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கழிப்பறைக்கு என்ன செய்வீர்கள்?

கூச்சப்பட ஒன்றுமில்லை, பெண்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. படகில் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் நமக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. கரை ஏறியதும் நான் அழைத்துப் போவேன். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். வெயிலில் மயங்கி விழுந்த இரண்டு பெண் பிள்ளைகளும் அப்படி இருந்தவர்கள்தான். மாதவிலக்கு நாளில் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வருவதற்குத் தடை ஏதும் இல்லை.

பணம் கட்ட வேண்டுமா? அல்லது ஏதாவது தருவீர்களா?

இரண்டும் இல்லை. பஸ் டிக்கெட் உங்கள் செலவு. காலை இட்லியும் டீசலும் சபையின் செலவு. படகோட்டிக்கு மட்டும் ஒரு நாள் கூலி தருகிறோம். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், அவருடைய ஒரு நாள் மீன்பாட்டை நாம் எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்று வற்புறுத்தித் தருகிறோம்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊசி போடலாமா? அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் என் அண்ணன் விடுமுறையில் வந்தால் பார்க்கலாமா?

நீங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடும்போது கூட நின்று கற்கலாம். ஊசியும் மருந்தும் பதிவு பெற்றவர்கள் பொறுப்பு. நான் முப்பது ஆண்டு நர்ஸாக இருந்தவள், நானே மருத்துவர் எழுதாமல் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதில்லை. ‘கிராமம்தானே’ என்கிற எண்ணம் மிகக் கெட்ட எண்ணம். கடலூர் ஆஸ்பத்திரியில் செய்யக் கூடாத ஒன்றைத் திட்டிலும் செய்யக் கூடாது.

அண்ணனுக்கு இந்திய மருத்துவப் பதிவு நடப்பில் இருந்தால் மகிழ்ச்சியாக வரட்டும். இல்லையென்றால், எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், மருத்துவக் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் இங்கே மருந்து எழுத முடியாது. நோட்டு எழுத அவரும் வரலாம். ஒரு இதய மருத்துவர் அப்படி வந்து இரண்டு ஊர் சுற்றிச் சிவப்புப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த மாதத்து நோட்டு மிக நன்றாக இருந்தது.

பி.பி., சர்க்கரை பார்ப்பது சுலபம்தானே? எதற்குத் தனியாகப் பயிற்சி?

சுலபம் என்பதால்தான் தவறு நடக்கிறது. சேற்றில் கால் மைல் நடந்து வந்த பாட்டியை உட்கார்ந்த உடனே பார்த்தால் அழுத்தம் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி உட்கார வையுங்கள். அந்த ஐந்து நிமிடம் பேசவிடாதீர்கள். இன்ஜின் ஓடும் படகில் வைத்துப் பார்க்கவே கூடாது.

ஆனி மாதம் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை நானூறுக்கு மேல் காட்டியது. மருத்துவர் பதறிப்போனார். நான் அவர் விரலை மோந்து பார்த்தேன், பலாப்பழ வாசம். பண்ருட்டியிலிருந்து பேரன் கொண்டுவந்த பழத்தைக் காலையில் அவர்தான் உரித்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினோம். நூற்றெண்பது. முதல் எண்ணை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோதனைப் பட்டைகள் உள்ள டப்பாவை எடுத்த கையோடு மூட வேண்டும், ஆற்றுக் காற்றின் ஈரம் அவற்றைக் கெடுத்துவிடும். இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஐஸ் நேரடியாகத் தொடக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. குத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும் போகும். ஒரு துண்டுப் பஞ்சுகூட ஆற்றில் விழக் கூடாது.

பெண் தன்னார்வலர்கள் வேண்டும் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?

பக்கத்தில் உள்ள திண்டிவனத்தில் 1890களின் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தார்கள். ‘நான் மருத்துவர் இல்லை, அப்பா வருவார்’ என்றார். அந்நிய ஆண் தங்கள் பெண்களைப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் அவர் திரும்பி வந்ததன் பலன்தான் வேலூர் சி.எம்.சி.

அந்தக் கூச்சம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு சிறு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குளிலோ மார்பின் மடிப்பிலோ பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலோ இருக்கும். நான்கு நாள் காய்ச்சலோடு வந்த ஒரு பெண், ஆண் மருத்துவரிடம் தலைவலி என்று மட்டும் சொன்னார். சேலை மறைப்புக்குள் அழைத்துப்போய்ப் பார்த்தபோது இடுப்பில் அந்தப் பொருக்கு இருந்தது. அன்றே டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம். அவரை மறைப்புக்குள் அழைத்துப் பேசியது ஒரு கல்லூரி மாணவி, பி.காம். படிக்கிறவர்.

அங்கே கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிடலாமா? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

கொதிக்கக் கொதிக்க இறக்கிய சோறும் மீன் குழம்பும் யாரையும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் மட்டும் உங்கள் பாட்டில் தண்ணீரைக் குடியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு தெருவில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தெருவில் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள். இருளர் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்துக் காத்திருக்கும்போது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். எதற்காக மறுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். பலமுறை பார்த்துப் பழகியவர்களுக்குக் கேட்கத் தேவையில்லை.

மேசையைக் கோயில் மண்டபத்திலோ சர்ச் வாசலிலோ போட்டால் நிழலாக இருக்குமே, ஏன் புளியமரத்தடியில் போடுகிறீர்கள்?

முதல் ஆண்டில் மண்டபத்தில்தான் போட்டோம். நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு தெருவின் பெயர்கள் மட்டும் நிறைந்திருந்தன. காலனியிலிருந்து யாரும் வரவில்லை. சிற்றாலயத்தின் வாசலுக்கு மாற்றினோம், அப்போது வேறு சிலர் தயங்கினார்கள். இப்போது துறைக்குப் பக்கத்தில், யாருடைய இடமும் இல்லாத மரத்தடியில் போடுகிறோம். வெயில் அடிக்கிறது, காக்கை எச்சமிடுகிறது, ஆனால் எல்லாரும் வருகிறார்கள்.

மருந்து கொடுத்து மதம் மாற்றுகிறீர்கள் என்று என் மாமா சொல்கிறார். உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் கிறிஸ்துவை நேசிப்பதால் போகிறோம், அதை மறைக்கவில்லை. படகில் சிலுவை வரைந்திருக்கிறது. ஆனால் மருந்து மேசையில் துண்டுப்பிரசுரம் வைக்கத் தடை. வரிசையில் நிற்பவரிடம் ஜெபிக்கட்டுமா என்று கேட்கவும் தடை. மாத்திரைக்காகக் கை நீட்டி நிற்கும் மனிதரால் நம்மிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் இருப்பவரிடம் கேட்பது அன்பு இல்லை. அவராகக் கேட்டால், வேலை முடிந்தபின், தனியாக ஜெபிப்போம்.

இந்த விதியைப் பற்றிச் சபைக்குள்ளும் வாக்குவாதம் நடந்தது. நல்ல சமாரியன் கதையைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். அடிபட்டவனின் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். நீ என்ன மதம் என்று கேட்கவில்லை. திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொன்னான். மாமாவையும் ஒருநாள் அழைத்து வாருங்கள், பெட்டி தூக்க ஆள் தேவை.

108 இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. இன்னும் படகு எதற்கு?

நியாயமான கேள்வி. 2008இல் 108 வந்தது, 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கிடைக்கிறது. பாலமும் தார்ச்சாலையும் வந்த இரண்டு ஊர்களுக்கு நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். நோட்டைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பிரதி எடுத்துக் கொடுத்தோம். அதை நான் வெற்றியாகவே நினைக்கிறேன்.

மற்ற ஊர்களில் செவிலியரும் நம் படகில்தான் ஏறி வருகிறார். அவருடைய பட்டியலில் விடுபட்டவர்கள், ஆறாத கால் புண், கண்புரை, சேற்றுப்புண், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படும் முதியவர்கள், இவர்கள்தான் இப்போது எங்கள் வேலை. ஆறு பெரிதாக இருக்கும் நாடுகளில் இது இன்னும் பெரிய தேவை. அமேசான் ஆற்றில் லியோ ஹாலிவெல்லும் நர்ஸான அவர் மனைவி ஜெஸ்ஸியும் 1931இல் லுசெய்ரோ என்ற படகில் மலேரியா மருந்தோடு கிளம்பினார்கள். நம் அசாமில் பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளுக்கு 2005 முதல் மருத்துவப் படகுகள் போகின்றன, அவை சபை சார்ந்தவை அல்ல.

மழைக்காலத்திலும் போவீர்களா?

ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் முடியாது. ஆடி, ஆவணியிலும் மேட்டூர் நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் திரும்பினால் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்துவிடும். அப்போது மீட்பு வேலை அரசுக் குழுக்களுடையது. அவர்கள் கூப்பிட்டால் ஒழிய நாம் குறுக்கே போகக் கூடாது.

எங்கள் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. புரட்டாசியில் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கச் சொல்கிறோம். நிறைமாதக் கர்ப்பிணிகளின் பெயரைச் செவிலியரோடு உட்கார்ந்து பார்த்து, தண்ணீர் வருமுன் மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்.

நாங்கள் போன சமயத்தில் யாரையாவது பாம்பு கடித்துவிட்டால்?

மேசையை அப்படியே விட்டுவிட்டுப் படகை எடுப்போம். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கையோ காலோ அசையாதபடி பலகை வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வந்து, துறையில் 108 காத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லி, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ப்போம். கெளிறு முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கும் அளவு சூடான நீரில் காயம்பட்ட இடத்தை வைத்தால் வலி தணியும். அதன்பின் மருத்துவர் பார்ப்பார்.

ஒரே ஒரு முறை வந்து பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

பார்க்க வரலாம், முதல் முறை எல்லாருக்கும் அப்படித்தான். நோயாளிகளின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் குழு முப்பது பேரோடு வந்தது. பேனர் கட்டினார்கள், ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் புதிதாக விலை உயர்ந்த ஒன்றைப் பத்து நாளுக்குக் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். பத்தாம் நாளோடு புதியது தீர்ந்தது. பழையதைத்தான் நிறுத்தச் சொல்லிவிட்டார்களே என்று ஒரு வலைக்காரர் எதையும் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் போனபோது அவருடைய வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணியிருந்தது. அவர்களை ஏற்றிப்போனது எங்கள் படகு. அன்று கரையில் நின்றிருந்தவள் நான். அதற்குப்பிறகு யார் வந்தாலும் எங்கள் நோட்டைப் பார்க்காமல் மருந்தை மாற்ற விடுவதில்லை.

சேர்ந்துவிட்டேன். ஒரு மாதம் வர முடியாமல் போனால்?

வரும். வீட்டில் கல்யாணம், தேர்வு, காய்ச்சல் எல்லாருக்கும் உண்டு. வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். ஊரில் உங்களைக் கேட்பார்கள். ‘போன தடவை வந்த கண்ணாடி போட்ட பிள்ளை எங்கே?’ என்று ஒரு பாட்டி மரத்தடிக்கு வந்ததும் முதலில் கேட்பார், தன் கையை நீட்டுவது அப்புறம்தான். நான் ஏதாவது பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் இருக்கும் ஊர் நோட்டை மட்டும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் என் வீட்டில் சேர்த்துவிடுங்கள்.